பூர்வீகம் என்ற ஒற்றைக் கட்டம்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் ஆய்வுக்காக ரத்த மாதிரி எடுத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் படிவத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "பூர்வீகம்னு ஒரே ஒரு கட்டம்தானேம்மா இருக்கு, நான் எதை எழுத?" என்று கேட்டார். அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து கன்டோன்மென்டில் வேலைக்கு வந்தவர். பாட்டி கோலார் தங்கவயலில் பிறந்த தெலுங்குக்காரர். அம்மாவைப் பெற்ற பாட்டி தர்மபுரி. அந்தப் பாட்டியின் கணவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதே இல்லையாம். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்ததால், "அப்பா வழியை எழுதிடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். அவரும் வாணியம்பாடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் சொன்ன அந்தப் பதில் எவ்வளவு பொறுப்பற்றது என்பது, சில மாதங்கள் கழித்துத் தரவின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நான் பெங்களூரில் ஒரு மரபணு ஆய்வுக் குழுவில் புள்ளியியலாளராக இருக்கிறேன். நம் உடலின் செல்கள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது, ஆனால் எந்த மரபணு எவ்வளவு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது என்பது ஆளுக்கு ஆள், திசுவுக்குத் திசு, காலை மாலை என்று வேளைக்கு வேளைகூட மாறுகிறது. இந்த அளவைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். டி.என்.ஏ.வில் ஓரிடத்தில் ஒருவருக்கு இருக்கும் எழுத்து, ஒரு மரபணுவின் வெளிப்பாட்டைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று தேடுவது எங்கள் வேலை. அப்படிப்பட்ட இடங்களுக்குத் துறையில் இ.கியூ.டி.எல். என்று பெயர். நோய்களோடு தொடர்புள்ளவை என்று கண்டறியப்பட்ட டி.என்.ஏ. மாறுபாடுகளில் பெரும்பாலானவை புரதத்தின் அமைப்பை மாற்றுவதில்லை. மரபணு எவ்வளவு இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பகுதிகளிலேயே அவை விழுகின்றன. ஆகவே இந்தத் தேடல் இல்லாமல், ஒரு மாறுபாடு எந்த வழியில் நோய்க்கு இட்டுச் செல்கிறது என்பதைச் சொல்வது கடினம்.

எங்கள் முதல் பகுப்பாய்வில் கிடைத்த ஒரு வரைபடம் இப்போதும் என் கணினியில் இருக்கிறது. குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒரு மாறுபாட்டின் பிரதி இல்லாதவர்கள் இடப்பக்கம், ஒரு பிரதி உள்ளவர்கள் நடுவில், இரண்டு பிரதிகள் உள்ளவர்கள் வலப்பக்கம் என மூன்று நெடுவரிசைகளாகப் புள்ளிகள். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட ஒரு படி மேலே. நோய் எதிர்ப்போடு தொடர்புடைய மரபணு அது; புள்ளியியல் சோதனையும் ஐயத்துக்கு இடமில்லாமல் ஆம் என்றது. குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அன்று மாலை எந்தச் சந்தேகமும் இல்லாமல், வழக்கமாகச் செய்யும் சரிபார்ப்பு என்ற அளவில்தான், மாதிரி எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்துப் புள்ளிகளுக்கு நிறம் கொடுத்தேன். வலப்பக்க வரிசை முழுக்க ஒரே நிறமாக இருந்தது. அவை பீன்யா தொழிற்பேட்டையில் எடுத்த மாதிரிகள். அங்கே எங்களுக்கு ரத்தம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வட மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். இடப்பக்க வரிசையில் பெரும்பாலும் அல்சூர் மக்கள்.

அதோடு முடிந்திருந்தால் பூர்வீக வேறுபாட்டை மட்டும் கவனித்தால் போதும் என்று நினைத்திருப்பேன். ஆனால் இரு இடங்களுக்கும் இடையே வெளிப்பாட்டில் அதிகம் வேறுபடும் மரபணுக்களை வரிசைப்படுத்தியபோது, பட்டியலின் தலைப்பகுதியில் ஃபாஸ், ஜுன், பெர்-1 ஆகியவை நின்றன. ரத்தத்தோடு பழகியவர்களுக்கு இந்தப் பெயர்கள் ஓர் எச்சரிக்கை. ஃபாஸும் ஜுனும் செல்லுக்கு ஏற்படும் அதிர்ச்சிக்கு உடனே எழும்பும் மரபணுக்கள். குழாயில் எடுத்த ரத்தம் பதப்படுத்தப்படாமல் காத்திருந்தாலும் எழும்பும். பெர்-1 உடலின் நாள்கடிகாரத்தைச் சேர்ந்தது. பதிவேட்டைப் புரட்டினேன். அல்சூரில் காலை வெறும் வயிற்றில் எடுத்து, முற்பகலுக்குள் ஆய்வகம் சேர்த்திருந்தோம். பீன்யாவில் தொழிலாளர்கள் ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல் எடுத்து, தும்கூர் சாலை நெரிசலைக் கடந்து, இரவில்தான் கொண்டுசேர்த்திருந்தோம். பூர்வீகம், ரத்தம் எடுத்த வேளை, குழாய் காத்திருந்த நேரம் ஆகிய மூன்றும் எங்கள் தரவில் ஒரே கயிற்றில் முறுக்கிக் கிடந்தன.

இந்தக் குழப்பம் துறைக்குப் புதிதில்லை. 1988இல் நோலரும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா, பாப்பாகோ பழங்குடியினரிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அதில் 4,920 பேர் பங்கேற்றிருந்தார்கள். ரத்தத்தில் ஜி.எம். என்ற ஒரு மரபுக் குறியீடு உள்ளவர்களில் 8 சதவீதத்தினருக்கும், இல்லாதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் நீரிழிவு இருந்தது. அந்தக் குறியீடு நீரிழிவிலிருந்து காக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்தக் குறியீடு ஐரோப்பிய வழியில் வருவது. ஒருவரிடம் அது இருப்பது, அவருடைய முன்னோரில் ஐரோப்பியர் கலந்திருப்பதைக் காட்டும் அடையாளம் மட்டுமே. பழங்குடி வழி எத்தனை பங்கு என்பதைப் பொறுத்து மக்களைப் பிரித்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை. மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தரும் கதை இதுதான். அதைச் சொல்லித்தருகிற நானே என் வரைபடத்துக்கு நிறம் கொடுக்க மாலைவரை காத்திருந்தேன் என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

வெளிப்பாட்டு ஆய்வில் இதற்கு இணையான நிகழ்வு 2007இல் நடந்தது. ஸ்பீல்மனும் சக ஆய்வாளர்களும் ஐரோப்பிய வழியினரின் செல்களையும் சீன, ஜப்பானிய வழியினரின் செல்களையும் ஒப்பிட்டு, சோதித்த சுமார் 4,200 மரபணுக்களில் கால் பங்குக்கும் மேற்பட்டவற்றின் வெளிப்பாடு வேறுபடுகிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டில் ஏகியும் அவருடைய குழுவினரும் அதே தரவை எடுத்துப் பார்த்தபோது, ஐரோப்பிய வழி மாதிரிகள் பெரும்பாலும் 2003, 2004 ஆண்டுகளிலும், ஆசிய மாதிரிகள் 2005, 2006 ஆண்டுகளிலும் ஆய்வகத்தில் அளக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அளந்த ஆண்டைக் கணக்கில் சேர்த்ததும் வேறுபாடுகள் கரைந்தன. அதற்காக எல்லாமே மாயை என்றும் சொல்ல முடியாது. யூ.ஜி.டி.2பி17 என்ற மரபணு கிழக்காசியர்கள் பலரிடம் முழுமையாகவே நீங்கியிருக்கிறது. ஆகவே அதன் வெளிப்பாடு அங்கே குறைவாக இருப்பது உண்மையான மரபு வேறுபாடுதான். பொய்யான வேறுபாடும் மெய்யான வேறுபாடும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் என்பதுதான் இந்தத் துறையின் சங்கடம்.

வழக்கமான தீர்வு ஒன்று உண்டு. ஒவ்வொருவரின் டி.என்.ஏ.விலும் பல லட்சம் இடங்களைப் படித்து, அவற்றில் மக்களுக்கிடையே உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைச் சில அச்சுகளாகச் சுருக்கி, அந்த அச்சுகளில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சமன்பாட்டில் சேர்த்துக்கொள்வது. முதன்மைக் கூறுகள் என்று சொல்லப்படும் இந்த முறை, 2006இல் பிரைஸும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, நோய்த் தொடர்பு ஆய்வுகளில் அன்றாட நடைமுறையாயிற்று. நானும் சேர்த்தேன். எங்கள் அழகிய வரைபடத்தின் ஏறுமுகம் ஒரே வரியில் படுத்துவிட்டது.

ஆனால் அந்த ஒரு வரி என்ன செய்தது என்பதை நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தது. முதன்மைக் கூறுகள் ஒருவரின் ஜீனோம், அதாவது மொத்த டி.என்.ஏ., முழுவதற்கும் பொதுவான ஓர் அளவையே தருகின்றன. பவானி ஜமக்காளத்தில் சிவப்பு எத்தனை பங்கு என்று ஒருவர் சொல்லிவிடலாம். அதைக் கொண்டு, நம் கால் படும் இடத்தில் இருக்கும் பட்டை சிவப்பா பச்சையா என்று சொல்ல முடியாது. கலந்த வழியில் பிறந்த ஒருவரின் குரோமோசோம் அப்படிப்பட்ட பட்டைகளால் ஆனது. ஒரு துண்டு ஒரு மூதாதையர் வழியிலிருந்தும், அடுத்த துண்டு வேறொரு வழியிலிருந்தும் வந்திருக்கும். ஒரு மரபணுவின் வெளிப்பாட்டைப் பெரிதும் தீர்மானிப்பவை அதை ஒட்டிய டி.என்.ஏ.வில் இருக்குமானால், நமக்கு வேண்டியது ஆளின் மொத்த விகிதம் மட்டுமல்ல, அந்த இடத்துத் துண்டு எந்த வழியைச் சேர்ந்தது என்பதும்தான். முன்னதை மொத்த வழி என்றும் பின்னதை இடத்து வழி என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இதை விளங்கவைக்க டஃபி மரபணுவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. முதலாம் குரோமோசோமில் உள்ள ஏ.சி.கே.ஆர்.1 என்ற இந்த மரபணுவின் புரதம் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் இருக்கிறது. வைவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணி அதைப் பிடித்துக்கொண்டுதான் சிவப்பணுவுக்குள் நுழைகிறது. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் இந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த எழுத்து மாறினால் கேட்டா-1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் அங்கே வந்து ஒட்ட முடியாது. சிவப்பணுக்களில் மட்டும் வெளிப்பாடு அடியோடு நின்றுவிடும். ரத்தக் குழாய்ச் சுவர் போன்ற மற்ற இடங்களில் மரபணு வழக்கம்போல இயங்கும். ஐரோப்பியரிடம் இந்த மாற்றம் அநேகமாக இல்லை. இப்போது மொத்த வழியில் 80 சதவீதம் ஆப்பிரிக்கர், 20 சதவீதம் ஐரோப்பியர் என்று கணக்கிடப்படும் இரண்டு ஆப்பிரிக்க அமெரிக்கர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு அந்த இடத்தில் இரண்டு துண்டுகளும் ஆப்பிரிக்க வழி. சிவப்பணுவில் டஃபி இல்லை. மற்றவருக்கு அவற்றில் ஒன்று ஐரோப்பிய வழி, டஃபி உண்டு. 80 என்ற எண் இருவரையும் ஒருவராகவே காட்டும்.

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. இரண்டு பிரதிகளிலும் அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு, நோயால் அல்ல. முழு ரத்தத்தில் வெளிப்பாட்டை அளக்கும்போது, நியூட்ரோபில்களில் மட்டும் இயங்கும் மரபணுக்கள் எல்லாம் அவர்களிடம் தாழ்ந்தே தெரியும். அந்த மரபணுக்களில் பெரும்பாலானவை வேறு குரோமோசோம்களில் இருக்கின்றன. அவற்றின் கட்டுப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. செல்களின் கலவை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். செல் கலவையை அளக்காமல் பூர்வீகத்தை மட்டும் சமன்பாட்டில் போட்டுவிட்டு, இத்தனை மரபணுக்கள் வழிக்கு வழி வேறுபடுகின்றன என்று எழுதுவோர், ஓர் எழுத்தின் வேலையைப் பல மரபணுக்களின் மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

அப்படியானால் இடத்து வழியை எப்போதும் சேர்த்துவிடலாமே என்று எங்கள் குழுவில் ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் டஃபியே அதற்குத் தடையும் சொல்கிறது. ஒரு வழியில் எல்லோரிடமும் இருந்து மற்ற வழியில் யாரிடமும் இல்லாத மாறுபாட்டுக்கு, அந்த இடத்து வழியும் மாறுபாடும் கிட்டத்தட்ட ஒரே தகவல். வழியைக் கழித்துவிட்டால் மாறுபாட்டின் விளைவையும் சேர்த்தே கழித்துவிடுவோம். உலகம் அறிந்த உண்மையான கட்டுப்பாட்டு மாறுபாடு நம் பட்டியலில் இல்லாமலே போகும். மாறாக, இரு வழிகளிலும் நடுத்தர அளவில் காணப்படும் மாறுபாடுகளுக்கு இடத்து வழி பெரிய துணை. கலப்பினால் நீண்ட துண்டுகள் ஒன்றாக மரபிறங்கும்போது, எங்கோ தள்ளியிருக்கும் மாறுபாடும் குற்றவாளிபோலத் தோன்றும். இடத்து வழியைச் சேர்த்தால் அந்த நிழல்கள் விலகி, உண்மையான இடம் நெருக்கமாகத் தெரியும். ஆகவே இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்து, எங்கே விடை மாறுகிறதோ அங்கே நின்று காரணம் தேடுவதே சரி என்பது என் முடிவு.

பல திசுக்களில் மரபணு வெளிப்பாட்டை அளந்த அமெரிக்காவின் ஜி-டெக்ஸ் திட்டத்தின் தரவை வைத்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் செய்தது. அந்தத் திட்டத்தில் 838 பேரின் 49 திசு வகைகள் பகுப்பாய்வுக்கு எடுக்கப்பட்டன. அவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் ஐரோப்பிய வழியினர். ஆய்வாளர்கள் கலந்த வழியினரான 117 பேரைத் தனியே எடுத்து, மொத்த வழியைச் சேர்த்து ஒருமுறையும் இடத்து வழியைச் சேர்த்து ஒருமுறையும் ஓட்டினார்கள். பெரும்பாலான மரபணுக்களுக்கு விடை ஒன்றாகவே இருந்தது. சிலவற்றில் முதன்மையான மாறுபாடு எது என்பதே முறைக்கு முறை மாறியது. அதே மரபணுக்களை நோய்த் தொடர்பு முடிவுகளோடு பொருத்தும்போது இந்த வேறுபாடு கனமானதாகிவிடுகிறது. இதற்கு முன்பே 2008இல், 89 ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் செல்களில் இடத்து வழியையே ஒரு கருவியாக்கி, மரபால் வரும் வெளிப்பாட்டு வேறுபாட்டில் சுமார் 12 சதவீதம் மட்டுமே மரபணுவை ஒட்டிய டி.என்.ஏ.வால் வருகிறது என்று பிரைஸும் குழுவினரும் கணித்திருந்தார்கள். பூர்வீகத்தைத் தொல்லையாகக் கருதிக் கழிக்காமல் அளவுகோலாகவே பயன்படுத்திய அந்தச் சிந்தனையின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

சிக்கல், இந்தக் கருவிகளை அல்சூருக்கும் பீன்யாவுக்கும் கொண்டுவரும்போதுதான் தொடங்குகிறது. இன்றைய இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டு பழைய வழிகளின் கலப்பு என்று 2009இல் ரைக், தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரின் குழு காட்டியது. அவர்கள் ஆராய்ந்த 25 குழுக்களில், வட இந்திய மூதாதையர் என்று பெயரிடப்பட்ட வழியின் பங்கு பெரும்பாலானவற்றில் 39 முதல் 71 சதவீதம் வரை இருந்தது. 2013இல் வந்த தொடர் ஆய்வு, 73 குழுக்களைக் கொண்டு, அந்தக் கலப்பு ஏறத்தாழ 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று கணித்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் கலப்பு ஏழெட்டுத் தலைமுறைப் பழமை உடையது. நம்முடையது நூறு தலைமுறை அளவில். தலைமுறை கூடக்கூடத் துண்டுகள் சிறுத்துக்கொண்டே போகும். எட்டுத் தலைமுறையில் ஒரு துண்டின் நீளம் சராசரியாக ஒரு கோடி எழுத்துகளுக்கு மேல் இருக்குமானால், நூறு தலைமுறையில் அது பத்து லட்சம் எழுத்துகளை ஒட்டி வந்துவிடும். ஒரு மரபணுவின் இரு பக்கமும் பத்துப் பத்து லட்சம் எழுத்துகளைத்தான் நாங்கள் தேடுகிறோம். அதாவது, நாங்கள் பார்க்கும் ஒரே சாளரத்துக்குள்ளேயே வழி ஓரிரு முறை மாறிவிடக்கூடும். அந்த ஜமக்காளத்தின் பட்டைகள் இங்கே இழைகளாகவே ஆகிவிட்டன.

அதைவிடக் கடினம், ஒப்பிடுவதற்கு ஆளில்லாதது. இடத்து வழியைக் கணிக்கும் ஆர்.எஃப்.மிக்ஸ் போன்ற மென்பொருள்களுக்குக் கலப்பில்லாத முன்னோடி மக்களின் மாதிரி வேண்டும். அந்த இரண்டு பழைய வழிகளில் மற்றதான, தென்னிந்திய மூதாதையர் என்று பெயரிட்ட வழியைக் கலப்பில்லாமல் தாங்கியவர்கள் இன்று இந்தத் துணைக்கண்டத்தின் பெருநிலத்தில் இல்லை. அந்தமானின் ஓங்கே மக்கள் அந்த வழிக்குத் தொலைதூர உறவினர் மட்டுமே. ஆகவே எங்கள் தரவில் இடத்து வழியை அப்படியே கணிக்க முயன்றபோது வந்த விடைகளை நான் நம்பவில்லை, பயன்படுத்தவும் இல்லை.

மொத்த வழியும் நம்மிடம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. 2017இல் வெளிவந்த ஆய்வில், தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களில் 81 குழுக்கள், ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து பெருகியவை என்று தெரியவந்தது. உள்மணம் நூற்றாண்டுகளாக நீடித்ததன் தடம் இது. அதன்மேல், அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் நம் பகுதியில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறந்த பிள்ளைக்கு, ஓரிடத்தில் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தை மகள், மாமன் மகள் மணத்தில் பதினாறில் ஒன்று. ஒருவருக்கொருவர் அறியாமலே உறவினராக இருக்கும் இந்த மாதிரிகளைத் தனித்தனி ஆட்கள் என்று எண்ணுகிற எளிய சமன்பாடு, இருப்பதைவிட அதிகச் சான்று இருப்பதாகக் காட்டிவிடும். முதன்மைக் கூறுகளோடு, ஒவ்வொரு இருவருக்கும் இடையிலான உறவு நெருக்கத்தைக் கணித்து ஓர் அட்டவணையாகச் சேர்க்கும் கலப்புச் சமன்பாடு இங்கே கட்டாயம் என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படிவத்தில் எழுதப்படும் சமூகத்தின் பெயரையோ மாநிலத்தின் பெயரையோ பூர்வீகம் என்று சமன்பாட்டில் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பெயரோடு உணவு, வேலை, தூக்கம், வீட்டின் காற்று, மருத்துவ வசதி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒருவரின் ரத்தத்தில் எழும் மாற்றத்தை அவர் பிறந்த சமூகத்தின் மரபாக எழுதிவிட்டால், அது திருத்தக்கூடிய சாதாரணப் பிழையோடு நிற்காது. இந்த நாட்டில் அதை எடுத்துப் பயன்படுத்தக் காத்திருப்பவர்கள் உண்டு. வழியை டி.என்.ஏ.விலிருந்தே அளக்க வேண்டும். வாழ்க்கைச் சூழலைத் தனியே கேட்டுப் பதிய வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கக் கூடாது. இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையத்தின் ஒருங்கிணைப்பில், 20 நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 10,000 இந்தியர்களின் முழு ஜீனோமைப் படித்திருக்கும் ஜீனோம் இந்தியா திட்டம் முதல் பணிக்கு நல்ல அடித்தளம். இரண்டாவது பணி எங்களைப் போன்று முகாமில் மேசை போட்டு உட்காருபவர்களின் கையில் இருக்கிறது.

எங்கள் முதல் தரவைக் கணக்கால் காப்பாற்ற முடியவில்லை. பூர்வீகமும் வேளையும் முழுமையாகப் பின்னிக் கிடக்கும்போது எந்தச் சமன்பாடும் அவற்றைப் பிரிக்காது. முதன்மைக் கூறுகளைச் சேர்த்ததும் வரைபடம் படுத்தது, வழியைக் கழித்ததாலா, மாலை வேளையைக் கழித்ததாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை என்று குழுக் கூட்டத்தில் சொன்னேன். அல்சூர் மாதிரிகளுக்குள் மட்டும், பீன்யா மாதிரிகளுக்குள் மட்டும் எனத் தனித்தனியே பார்த்தபோது இரண்டிலும் ஒரே திசையில் நின்ற தொடர்புகளை மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த நோய் எதிர்ப்பு மரபணு அதில் இல்லை.

இரண்டாம் சுற்று இப்போது நடக்கிறது. இரு இடங்களிலும் காலையில்தான் ரத்தம் எடுக்கிறோம். பீன்யாவில் அதற்காக வார விடுமுறை நாளைக் கேட்டு வாங்கினோம். எடுத்த உடனே ஆர்.என்.ஏ.வை நிலைநிறுத்தும் குழாயில் ரத்தம் இறங்குகிறது. எடுத்த நிமிடமும் உறையவைத்த நிமிடமும் எழுதப்படுகின்றன. செல் எண்ணிக்கைக்குத் தனிக் குழாய் உண்டு. ஆய்வகத் தட்டில் இரு இடத்து மாதிரிகளும் குலுக்கல் முறையில் கலந்தே வைக்கப்படுகின்றன. படிவத்தில் பூர்வீகம் என்ற கட்டத்தை நீக்கிவிட்டு, தாத்தா பாட்டி நால்வரின் பிறந்த ஊருக்கும் பேசிய மொழிக்கும் நான்கு வரிகள் விட்டிருக்கிறோம். சென்ற மாதம் அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். மூன்று வரிகளை நிரப்பிவிட்டு, நான்காவதில் பேனாவை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "தெரியலைன்னு எழுதுங்க ஐயா, அதுவும் எங்களுக்கு வேணும்" என்றேன். தெரியவில்லை என்று எழுதிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். மணி 8:20, குழாயின் மேல் அதை எழுதினேன்.